இரண்டு சோடியம், ஒரு சர்க்கரை

மே மாதத்தில் கல்கத்தாவின் நியூ டவுனில் எந்த மருந்துக் கடைக்குப் போனாலும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் அடுக்கியிருக்கும். “தாதா, துட்டோ ஓ.ஆர்.எஸ். தின்” (அண்ணா, ரெண்டு ஓ.ஆர்.எஸ். கொடுங்க) என்று கேட்டு வாங்கிப் போகிறவர்களில் ஆக்‌ஷன் ஏரியா மூன்றில் எழும்பும் அடுக்குமாடிகளின் கொத்தனார்கள் உண்டு, பைக்கில் சோறு கொண்டு போய்க் கொடுக்கும் பையன்கள் உண்டு, பிள்ளைக்கு நேற்று ராத்திரியிலிருந்து வயிற்றுப்போக்கு என்று பதறி வரும் ஐ.டி. கம்பெனி அம்மாக்களும் உண்டு. பொட்டலத்தின் பின்பக்கத்தை யாரும் படிப்பதில்லை. எனக்கோ அந்தப் பக்கத்தின்மேல்தான் மோகம்.

நாலே வரி. சோடியம் குளோரைடு 2.6 கிராம். நீரற்ற குளுக்கோஸ் 13.5 கிராம். பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம். டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் இருபதரை கிராம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு. இதில் ஒன்றைக் கூட்டினாலும் குறைத்தாலும் தளை தட்டும். தமிழில் ஒரு நல்ல வெண்பாவுக்கு எத்தனை பேர் உரை எழுதியிருக்கிறார்கள்! இந்த நாலு வரிக்கும் ஒரு நயவுரை எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. அதற்குச் சரியான ஊரில்தான் இருக்கிறேன். இங்கிருந்து பெலேகாட்டா தொற்றுநோய் மருத்துவமனை ஒரு டாக்சி தூரம். விமான நிலையத்தின் ஓரமாகப் போகும் ஜெசூர் சாலையைப் பிடித்தால் நேரே எல்லையோர ஊரான போங்காவ். இந்த நாலு வரியின் கதையில் பாதிக்குமேல் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நடந்ததுதான்.

முதலில், உப்போடு சர்க்கரை ஏன்? உப்பும் தண்ணீரும் இழந்தவனுக்கு உப்பும் தண்ணீரும் கொடுத்தால் போதாதா? சர்க்கரை தெம்புக்கு என்று பலர் நினைக்கிறார்கள். பதிமூன்றரை கிராம் குளுக்கோஸில் வரும் தெம்பு ஐம்பது கலோரி சுமார். அதற்காக யாரும் உலக சுகாதார நிறுவனத்தில் கூட்டம் போட்டு அளவு குறிக்க மாட்டார்கள். சர்க்கரை வந்தது வேறொரு வேலைக்கு.

சிறுகுடலின் உட்சுவரில் ஒரே வரிசையாகச் செல்கள் நிற்கின்றன. ஒவ்வொரு செல்லையும் மூடியிருக்கும் சவ்வு தலைமுடியின் குறுக்களவில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனம். கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக, வால்கள் உள்நோக்கி, தலைகள் வெளிநோக்கி நின்றால் அதுதான் சவ்வு. எண்ணெய்ப் பசையுள்ள சின்ன மூலக்கூறுகள் இதில் நுழைந்து போய்விடும். ஆக்சிஜனும் அப்படியே. சோடியம் அயனியோ மின்னேற்றத்தைச் சுமப்பது. கொழுப்புக்கு அது ஆகாது. சர்க்கரையும் தண்ணீர்க் கட்சி. இரண்டுக்கும் இந்தச் சவ்வு இரும்புச் சுவர்தான். உள்ளே போக வேண்டுமானால் சவ்வில் செருகியிருக்கும் புரதம் ஏதாவது வழிவிட வேண்டும்.

அப்படி வழிவிடும் புரதங்களில் ஒன்றுக்கு எஸ்.ஜி.எல்.டி.1 என்று பெயர். பெயரில் அழகில்லை, வேலையில் இருக்கிறது. 664 அமினோ அமிலங்கள் கோத்த ஒற்றைச் சரம், சவ்வை 14 முறை குறுக்கே தைத்துத் தைத்துப் போகிறது. குடலின் உட்பக்கம் பார்த்துத் திறந்த நிலையில் காத்திருக்கும். சர்க்கரை மட்டும் வந்து தட்டினால் அசையாது. சோடியம் மட்டும் வந்தாலும் அநேகமாக அசையாது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழர்கள் இருவர் முதலில் வந்து மணையைப் போட்டு வைத்த பிறகு மாப்பிள்ளை வந்து உட்காருவதைப் போல, இங்கே இரண்டு சோடியம் அயனிகள் முதலில் வந்து அமர்கின்றன. அவை அமர்ந்ததும் புரதத்தின் வடிவம் லேசாக மாறுகிறது. அந்த மாற்றத்தில்தான் சர்க்கரைக்கு இடம் பிறக்கிறது. குளுக்கோஸ் வந்து அந்த இடத்தில் பொருந்தியதும் வெளிவாசல் சாத்திக்கொள்கிறது. ஒரு கணம் இரு பக்கமும் மூடியிருக்கும். பிறகு உள்வாசல் திறக்கிறது. செல்லுக்குள் சோடியம் குறைவு என்பதால் அயனிகள் உள்ளே உதிர்கின்றன, சர்க்கரையும் போகிறது. காலியான புரதம் பழையபடி வெளிப்பக்கம் திரும்பி நிற்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த நுட்பம், இதில் எந்த இடத்திலும் இரண்டு வாசலும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை என்பது. திறந்தால் அது வெறும் ஓட்டை. அப்போது செல் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையெல்லாம் வந்த வழியே ஒழுகிவிடும்.

அடுத்த நுட்பம் அந்த ‘இரண்டு’. ஏன் ஒரு சோடியம் போதவில்லை? செல்லுக்கு வெளியே உள்ளதைவிட உள்ளே சோடியம் பத்து மடங்குக்குமேல் குறைவு. போதாததற்குச் செல்லின் உட்புறம் எதிர்மின் தன்மை கொண்டது. நேர்மின் அயனியான சோடியத்தை அதுவும் இழுக்கிறது. இரண்டு உந்துதலையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு சோடியம் உள்ளே விழும் ஆற்றலைக் கொண்டு, வெளியே இருப்பதைவிட சுமார் நூறு மடங்கு செறிவுக்குச் சர்க்கரையை உள்ளே சேர்த்துவிடலாம். இரண்டு சோடியம் என்றால் இருநூறு மடங்கு என்று மனம் கணக்குப் போடும். இயற்பியல் அப்படிப் போடுவதில்லை. நூறை நூறால் பெருக்குகிறது, பத்தாயிரம் மடங்கு. குடலில் சர்க்கரை துளித்துளியாய் மிஞ்சியிருக்கும்போதும் கடைசித் துளிவரை வழித்தெடுக்க முடிவது இந்தக் கூடுதல் சோடியத்தால்தான்.

சிறுநீரகமும் இந்த விஷயத்தைத் தெரிந்து வைத்திருக்கிறது. வடிகட்டிய நீரிலிருந்து சர்க்கரையை மீட்கும் குழாயின் தொடக்கத்தில், சர்க்கரை தாராளமாக இருக்கும் இடத்தில், ஒரே சோடியத்தோடு வேலை செய்யும் எஸ்.ஜி.எல்.டி.2. குழாயின் கடைப்பகுதியில், சர்க்கரை அருகிப்போன இடத்தில், இரண்டு சோடியம் கேட்கும் எஸ்.ஜி.எல்.டி.1. செலவு பார்த்துச் செய்யும் சிக்கனம். நம்மூரில் சர்க்கரை நோயாளிகள் பலர் இன்று விழுங்கும் டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை இந்த எஸ்.ஜி.எல்.டி.2-இன் வாயை அடைக்கிறது. மீட்கப்படாத சர்க்கரை சிறுநீரோடு போய்விடுகிறது. இந்த மருந்துகளின் பாட்டன், 1835-இல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து பிரித்த ஃபுளோரிசின் என்ற கசப்புப் பொருள்.

இந்த வாசலில் நடக்கும் போக்குவரத்துக்குச் செல் அங்கேயே காசு கொடுப்பதில்லை. கவனியுங்கள்: எஸ்.ஜி.எல்.டி.1 தன் வேலைக்காக, செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றைக்கூடச் செலவழிப்பதில்லை. செலவு நடப்பது செல்லின் மறுபக்கத்தில், இரத்தத்தைப் பார்த்திருக்கும் சவ்வில். அங்கே ஒரு பம்ப், ஒரு ஏ.டி.பி.க்கு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுத்துக்கொண்டே இருக்கிறது. 1957-இல் நண்டுக் கால் நரம்பில் இதைக் கண்டுபிடித்த டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கூவுக்கு நோபல் பரிசு வர 1997 ஆயிற்று. நாம் சும்மா படுத்திருக்கும்போது உடல் எரிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இந்தப் பம்புகளே தின்கின்றன. உள்ளே சோடியம் குறைவாக இருப்பதே இவற்றின் உழைப்பால்தான். பின்கட்டில் நடக்கும் உழைப்பின் பலனை முன்வாசலில் சர்க்கரை அனுபவிக்கிறது. செல்லைக் கடந்த சர்க்கரை, பின்பக்கத்தில் வேறொரு சாதாரண வாசல் வழியாக, செறிவு குறைந்த இரத்தத்தை நோக்கித் தானாகவே நழுவிவிடும்.

தண்ணீர்? அதற்கென்று இங்கே தனி அழைப்பிதழ் கிடையாது. உப்பும் சர்க்கரையும் போன பக்கம் அது பின்னாலேயே போகும். சவ்வூடு பரவல் என்று பள்ளியில் படித்தது இதுதான். ஆனால் எந்த வழியாகப் போகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் நல்ல சண்டை. கலிஃபோர்னியாவில் எர்னஸ்ட் ரைட்டின் குழு, எஸ்.ஜி.எல்.டி.1 ஒவ்வொரு முறை திரும்பும்போதும் இரண்டு சோடியம், ஒரு சர்க்கரையோடு கூடவே சுமார் 260 தண்ணீர் மூலக்கூறுகளையும் கொண்டு போகிறது என்று 1996-இல் எழுதியது. அப்படியெல்லாம் இல்லை, பக்கத்தில் செறிவு கூடுவதால் தண்ணீர் தானாக வருகிறது என்று எதிர்க்கட்சி. செல்களுக்கு இடையிலுள்ள இறுக்கமான சந்துகள் வழியாகவும் ஒரு பங்கு போகிறது. சண்டை எப்படித் தீர்ந்தாலும் குடிக்கிறவனுக்குத் தண்ணீர் சேர்ந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு நம் குடலுக்குள் எட்டு, ஒன்பது லிட்டர் நீர் வருகிறது: குடித்தது கொஞ்சம், உமிழ்நீரும் பித்தமும் மற்றச் சாறுகளுமாக உடலே ஊற்றியது மீதி. வெளியே போவது இருநூறு மில்லிகூட இருக்காது.

இந்தக் கணக்கைத் தலைகீழாக்குவதுதான் காலரா.

காலராக் கிருமி குடல் செல்லுக்குள் நுழைவதே இல்லை. சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரு நச்சுப் புரதத்தை உமிழ்கிறது. அதற்கு ஐந்து பி துண்டுகள் சேர்ந்த ஒரு வளையம். வளையத்தின் நடுவே ஒரு ஏ துண்டு. வளையம் செல்சவ்வில் நீட்டிக்கொண்டிருக்கும் ஜி.எம்.1 என்ற சர்க்கரைக் கொழுப்பைப் பற்றுகிறது. செல் வழக்கம்போல அந்த இடத்துச் சவ்வை உள்வாங்கிப் பையாக்குகிறது, நச்சும் உள்ளே. பிறகு அது போகும் பாதைதான் வியப்பு. செல் தன் புரதங்களைத் தயாரித்து வெளியே அனுப்பும் வழி ஒன்று இருக்கிறது. நச்சு அதே வழியில் எதிர்த்திசையில் போகிறது. உள்ளே, புரதங்கள் மடிக்கப்படும் கூடம்வரை போய், அங்கே பழுதான புரதங்களைக் குப்பையாக வெளியே தள்ளும் வாயிலில் தானும் பழுதான புரதம் என்று நடித்து ஏ துண்டு செல்லின் நடுவெளிக்கு வந்து சேர்கிறது. அப்படித் தள்ளப்படும் புரதத்தைச் சிதைக்கச் செல் முத்திரை குத்துவது லைசின் என்ற அமினோ அமிலத்தின்மேல். இந்தத் துண்டில் லைசின் மிகமிகக் குறைவு. முத்திரை குத்த இடமில்லாததால் தப்பிக்கிறது. திருடனைப் பாராட்டக் கூடாதுதான். ஆனாலும் இந்தக் கைத்திறனைப் பார்த்துச் சும்மா இருக்க முடியவில்லை.

தப்பியது செல்லின் ஒரு விசையைப் போட்டு அப்படியே பூட்டிவிடுகிறது. சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற செய்தி மூலக்கூறு வெள்ளமாகப் பெருகுகிறது. அந்தச் செய்தி கேட்டு சி.எஃப்.டி.ஆர். என்ற குளோரைடு வாசல் திறக்கிறது, மூட மறுக்கிறது. குளோரைடு குடலுக்குள் கொட்ட, சோடியம் பின்தொடர, இரண்டின் பின்னால் தண்ணீர். கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர்வரை வெளியேறும், அரிசி களைந்த நீரின் நிறத்தில். காலையில் நடமாடியவர் மாலையில் இல்லாமல் போவது இப்படித்தான். வங்கத்தில் இந்த நோய்க்காகவே ஓலாபீபி என்று ஒரு தெய்வத்தை இந்துவும் முஸ்லிமும் சேர்ந்து கும்பிட்டார்கள். நம் ஊர்களில் மாரியம்மனிடம் முறையிட்டார்கள்.

சி.எஃப்.டி.ஆர். பற்றி ஒரு வார்த்தை. அது பிறந்த குடும்பத்தில் மற்றவர்களில் பெரும்பாலோர் பம்புகள், ஏ.டி.பி.யைச் செலவழித்துப் பொருளைத் தள்ளுகிறவர்கள். அவர்களில் ஒருவரான பி-கிளைகோபுரோட்டீன், புற்றுநோய்ச் செல்லுக்குள் போன மருந்தைப் பிடித்து வெளியே எறிகிறது. 2011 முதல் இங்கே நியூ டவுனில் இயங்கும் டாடா மெடிக்கல் சென்டர் போன்ற மருத்துவமனைகளில் சில நோயாளிகளுக்கு மருந்து ஒரு கட்டத்துக்குமேல் பிடிக்காமல் போவதற்கு அது ஒரு காரணம். அந்தக் குடும்பத்தில் சி.எஃப்.டி.ஆர். மட்டும் தள்ளுவதை விட்டுவிட்டு வெறுமனே திறந்து மூடுகிறது. அதனால் அதற்குத் திசை கிடையாது. குடலில் குளோரைடு வெளியே போகிறது. வியர்வைச் சுரப்பியின் குழாயிலோ அதே வாசல் வழியாகக் குளோரைடு உள்ளே திரும்புகிறது. உப்பை உடல் மீட்டுக்கொள்கிறது. எந்தப் பக்கம் சரிவோ அந்தப் பக்கம். நியூ டவுன் வெயிலில் தூண்கம்பி கட்டுகிறவரின் வியர்வை இரத்தத்தைவிட உப்புக் குறைவாக இருப்பது இந்த வாசல் ஒழுங்காக இருப்பதால். பிறவியிலேயே இது பழுதான குழந்தைகளின் நெற்றியை முத்தமிட்டால் உப்புக் கரிக்கும். இந்தப் பழுதால் வரும் நோயைக் கண்டறியும் சோதனையே வியர்வைச் சோதனைதான்.

காலரா எந்த வாசலைத் திறந்து போடுகிறது என்பது கதையில் பாதி. எந்த வாசலைத் தொடாமல் விடுகிறது என்பது மீதி. சோடியமும் குளோரைடும் சேர்ந்து உள்ளே போகும் வழக்கமான வழியையும் அந்த நச்சு முடக்கிவிடுகிறது. அதனால்தான் வெறும் உப்புத் தண்ணீர் குடித்தால் பயனில்லை, வந்த வழியே போய்விடும். ஆனால் எஸ்.ஜி.எல்.டி.1 பக்கம் அது திரும்பியே பார்ப்பதில்லை. சைக்ளிக் ஏ.எம்.பி. எவ்வளவு கூவினாலும் அந்தப் புரதம் சோடியத்தையும் சர்க்கரையையும் வாங்கிக்கொண்டே இருக்கிறது. உப்பை அது தனியாக ஏற்காது. சர்க்கரையைத் துணைக்கு அனுப்பினால் ஏற்கும். பதிமூன்றரை கிராம் குளுக்கோஸ் அந்தப் பொட்டலத்துக்குள் வந்தது இதற்காக.

கரைசல் குடித்தால் பேதி உடனே நிற்காது. சி.எஃப்.டி.ஆர். திறந்தே இருக்கிறது, ஒழுகிக்கொண்டே இருக்கிறது. ஒழுகுவதைவிட வேகமாக இன்னொரு வாசல் வழியாக உள்ளே ஏற்றுகிறோம், அவ்வளவுதான். பூட்டிய விசையைச் செல் திரும்ப அவிழ்ப்பதும் கிடையாது. ஆனால் குடல் செல்லின் ஆயுள் நாலைந்து நாள்; பழையது உதிர்ந்து புதியது வரும். அதுவரை ஆள் பிழைத்திருந்தால் போதும்.

இதையெல்லாம் கண்டுபிடித்த வரிசை, நான் சொன்ன வரிசைக்கு நேர்மாறு. ஜெர்மனியின் ராபர்ட் கோக் கல்கத்தாவுக்கு வந்து குளத்து நீரிலும் நோயாளிகளிடத்திலும் கமா வடிவக் கிருமியைக் கண்டது 1884-இல். கிருமி ஏதோ விஷத்தைக் கக்குகிறது என்று அவரே சொன்னார். அடுத்த 75 ஆண்டுகள் அந்த விஷம் அகப்படவில்லை. எல்லாரும் இரத்தத்தில் தேடினார்கள். ஹூக்ளி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த சம்பு நாத் டே என்ற நோய்க்குறியியல் பேராசிரியர் குடலுக்குள்ளேயே தேடினார். முயலின் சிறுகுடலில் சில அங்குலம் விட்டு இரண்டு இடத்தில் நூலால் கட்டி, நடுப்பகுதிக்குள் கிருமியைச் செலுத்தி மறுநாள் பார்த்தார். அந்தப் பகுதி மட்டும் நீர் கோத்து உப்பியிருந்தது. பிறகு கிருமியே இல்லாமல் வடிகட்டிய திரவத்தை மட்டும் செலுத்தினார். அப்போதும் உப்பியது. 1959 மே மாத ‘நேச்சர்’ இதழில் இரண்டு பக்கத்துக்கு மிகாத கட்டுரை. அதன் எளிமைக்கு ஈடு இல்லை: ஒரு முயல், இரண்டு முடிச்சு, ஒரு வடிகட்டி. இந்திய அறிவியல் கழகங்கள் எதுவும் அவரை உறுப்பினராக்கவில்லை. நோபல் அறக்கட்டளை 1978-இல் காலரா பற்றிய தன் கருத்தரங்குக்கு அழைத்தது. நோபல் பெற்ற ஜோஷுவா லெடர்பர்க் அவர் பெயரை அந்தப் பரிசுக்கே முன்மொழிந்தவர். 1985-இல் டே காலமானார். நம் கழகங்களின் மேல் எனக்கு இந்த ஒரு விஷயத்தில் இன்னும் கோபம் ஆறவில்லை.

அதே கல்கத்தாவில், டேயின் கட்டுரைக்கு முன்பே, 1953-இல், ஹேமேந்திர நாத் சாட்டர்ஜி என்ற மருத்துவர் 186 காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துப் பிழைக்க வைத்ததை ‘லான்செட்’ இதழில் எழுதினார். கற்பூரவள்ளிச் சாற்றையும் கொடுத்துப் பார்த்தவர் அவர். ஏன் பிழைத்தார்கள் என்று சொல்ல அன்று விளக்கம் இல்லை; எனவே மருத்துவ உலகம் கண்டுகொள்ளவில்லை. விளக்கம் 1960 ஆகஸ்டில் பிராக் நகரக் கருத்தரங்கில் வந்தது. சோடியமும் சர்க்கரையும் சேர்ந்தே பயணிக்கின்றன என்று ராபர்ட் கிரேன் அங்கே ஒரு படம் வரைந்து காட்டினார். அவருக்கு முன்னால் இருந்தது குடல் செல் பற்றிய புதிர். காலரா நோயாளி இல்லை. இரண்டும் ஒன்று சேரச் சில ஆண்டு பிடித்தது. இடையில் மணிலாவில் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ராபர்ட் ஃபிலிப்ஸ் செய்த முயற்சியில் அளவு பிசகி நோயாளிகள் சிலர் இறந்தும் போனார்கள். 1968-இல் டாக்காவிலும், ஏறக்குறைய அதே காலத்தில் கல்கத்தாவிலும் அளவு சரியாக அமைந்தது.

அமைந்தது மருத்துவமனையில், மருத்துவர் பக்கத்தில் நின்று அளந்து கொடுத்தபோது. 1971-இல் கிழக்கு வங்கத்திலிருந்து ஜெசூர் சாலை வழியே இலட்சக்கணக்கில் அகதிகள் வந்து போங்காவில் நிறைந்தார்கள். மருத்துவமனையில் காலரா வார்டுக்கு 16 படுக்கை, நோயாளிகள் தரையெல்லாம். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்தது. குழந்தை மருத்துவர் திலீப் மகலானபிஸ், கல்கத்தாவிலிருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு மையத்தின் நூலக அறையைப் பொட்டலம் கட்டும் கூடமாக்கினார். ஒருவர் பாலித்தீன் உறை வெட்ட, ஒருவர் குளுக்கோஸ் நிறுக்க, இன்னொருவர் சமையல் உப்பும் சோடா உப்பும் நிறுத்துப் போட, கடைசியில் சூடான இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டினார்கள். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. முகாமில் குழாய் வைத்த டிரம்களில் கரைத்து வைத்தார்கள். தாயும் தமையனும் கோப்பையில் பிடித்துக் கொடுத்தார்கள். வாயால் குடிக்கும் சலைன் என்று சொன்னதும் நம்பிக்கை வந்தது. இரண்டு மாதத்தில் 3,700-க்கும் மேற்பட்ட நோயாளிகள். முன்பு நூற்றுக்கு இருபத்தைந்து, முப்பது பேர் இறந்த நோயில் இறந்தவர்கள் நூற்றுக்கு நாலு பேருக்கும் குறைவு. மகலானபிஸ் 2022 அக்டோபரில் மறைந்தார். மூன்று மாதம் கழித்துப் பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

பழைய சுவடிகளில் பாடபேதம் பார்ப்பவர்களுக்கு இந்த இடத்தில் விருந்து இருக்கிறது. போங்காவ்ப் பாடத்தில் பொட்டாசியம் இல்லை. பின்னால் சேர்ந்தது. சோடா உப்பின் இடத்தில் சிட்ரேட் வந்தது; சோடா உப்புப் பொட்டலம் ஈரத்தில் கட்டி தட்டி நிறம் மாறிவிடும், சிட்ரேட் கெடாது. கடைசித் திருத்தம் 2002-இல். அதுவரை இருந்த 20 கிராம் குளுக்கோஸ் பதிமூன்றரையாகவும், மூன்றரை கிராம் உப்பு 2.6-ஆகவும் இறங்கின. காரணம் சவ்வூடு பரவலேதான். பழைய கரைசலின் செறிவு லிட்டருக்கு 311 மில்லியாஸ்மோல். இரத்தத்தினுடையதைவிடக் கொஞ்சம் கூடுதல். உறிஞ்சப்படாமல் நிற்கும் சர்க்கரை தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். புதிய பாடம் 245. இப்போது சரிவு உடலை நோக்கி. இன்னொரு நயம்: புதிய பாடத்தில் லிட்டருக்கு சோடியம் 75, குளுக்கோஸ் 75 மில்லிமோல், சமம். வாசல் கேட்பதோ இரண்டுக்கு ஒன்று. பிழையா? இல்லை. நோயாளியின் குடலில் உடலிலிருந்து கசிந்த சோடியம் ஏற்கனவே மிதக்கிறது. குறைகிற தோழனை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டுச் சர்க்கரை ஏன் இரண்டாம்பட்சம் என்பதும் இதனால் விளங்கும். அதன் ஒவ்வொரு மூலக்கூறும் குடல் விளிம்பில் உடைந்து ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் ஆகிறது. ஃபிரக்டோஸ் வேறு வாசல் வழியே, சோடியத்தின் துணையில்லாமல் போய்விடும்; பாதி வீண். கஞ்சியில் உப்புப் போட்டுக் கொடுத்த நம் பாட்டிமார் பக்கம் கணக்கு நன்றாகவே நிற்கிறது: மாவுச்சத்து ஒரே பெரிய மூலக்கூறாக இருக்கும்வரை செறிவைக் கூட்டாது, உடைய உடையக் குளுக்கோஸ் மட்டுமே வரும். அரிசிக் கரைசலைக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பேதியின் அளவும் குறைந்தது. எதிர்முனையில், இனிப்புப் பானத்தின்மேல் ஓ.ஆர்.எஸ். என்று அச்சடித்து அதே மருந்துக் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தடை விதித்தது. அளவுக்கு மேற்பட்ட சர்க்கரை பேதியைக் கூட்டும் என்பது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை.

எஸ்.ஜி.எல்.டி.1 உண்மையில் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டவர்கள் முதலில் திரும்பியதும் முயல் குடலுக்குத்தான். டேயின் கட்டுரைக்கு 28 ஆண்டு கழித்து, 1987-இல், ரைட்டின் குழு முயல் குடலின் மரபுச் செய்தியை ஆப்பிரிக்கத் தவளையின் முட்டைக்குள் செலுத்தியது. சர்க்கரைக்கு வாசலே இல்லாத முட்டை, சோடியம் இருக்கும்போது சர்க்கரையை உள்ளிழுக்கத் தொடங்கியது. அப்படித்தான் மரபணு அகப்பட்டது. ஆனால் அணு அணுவாகப் படம் பிடிக்க அன்று புரதம் படிகமாக வேண்டியிருந்தது. பாலூட்டிகளின் புரதம் மசியவில்லை. மசிந்தது ஒரு பாக்டீரியாவின் புரதம். கெட்டுப்போன இறாலிலும் மீனிலும் இருந்து வயிற்றைக் கலக்கும் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்ற கிருமி, காலராக் கிருமியின் பங்காளி. அதற்கும் இதே குடும்பத்து வாசல் ஒன்று உண்டு; அது ஒரே சோடியத்தோடு திருப்திப்படுகிறது. 2008-இல் வெளியான அந்தப் படத்தில் புரதம் அகப்பட்டது மிகச் சரியான கணத்தில்: நடுவில் ஒரு காலக்டோஸ் மூலக்கூறு, இரண்டு பக்கமும் அடைப்பு. உள்பக்கம் வழியை மறித்து நிற்பது 263-ஆவது இடத்திலுள்ள டைரோசின், ஒற்றை அமினோ அமிலம். மனிதக் குடலின் எஸ்.ஜி.எல்.டி.1-இலும் அந்த வேலைக்கு டைரோசினே நிற்கிறது; வரிசையில் அதன் எண் 290.